கம்பியில் முட்டிய கும்பிடு

டொக்.

தலைக்கவசத்தின் முன்பக்கத்தில் முகத்தைக் காக்க ஒரு கம்பிக்கூடு இருக்கும். அதில் என் வலக்கை விரல்கள் முட்டிய சத்தம் அது. கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போன விரல்கள், கண்ணுக்கு நாலு விரற்கடை முன்னால் கம்பியில் முட்டி நின்றுவிட்டன.

இலையுதிர் காலத்து ஒஸ்லோ மழை. பிளாஸ்டிக் புல். அதற்கு அடியில் கொட்டியிருக்கும் கறுப்பு ரப்பர்த் துகள்கள் வாய்க்குள்ளும் வந்திருந்தன. என் முன்னால் எதிரணிக்காரன் ஒருவன் தடுமாறிக்கொண்டிருந்தான். ஹென்ரிக் என்று பெயர். நெட்டையன். பந்து அவன் கக்கத்தில் இருந்தது. என் சப்பாத்து அவன் கெண்டைக்காலில் பட்டதால்தான் தடுமாறினான். இரண்டு கையையும் போட்டு அவனைக் கட்டிப் பிடித்திருந்தால் விழுந்திருப்பான். அதுதான் என் வேலை. அந்த மைதானத்தில் எனக்கு வேறு எந்த வேலையும் கிடையாது.

நான் கையை நீட்டினேன். அவன் தோளைத் தொட்டேன். தொட்ட கையைக் கண்ணில் ஒற்றப் போனேன். டொக்.

அதற்குள் ஹென்ரிக் நிமிர்ந்து, என்னை ஒரு தரம் விநோதமாகப் பார்த்துவிட்டு, ஓடிப்போய் முடிவுக்கோட்டைத் தாண்டிவிட்டான். எங்கள் பக்கத்தில் யாரோ தலைக்கவசத்தைக் கழற்றி நிலத்தில் அடித்தார்கள்.

கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும். இதை இந்தப் பத்தியைப் படிக்கும் ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. நமக்கெல்லாம் பல் முளைக்க முன்பே பழக்கிவிட்ட காரியம். ஆனால் மைதானத்தின் ஓரத்தில் மழைக்கோட்டோடு நின்று, ‘ராசா! என்ன செய்கிறாய்?’ என்று தொண்டை கிழியக் கத்திய எங்கள் பயிற்சியாளர் சுன்னீவாவுக்கு அதை விளக்க வேண்டியிருந்தது.

நின்றால் போதும்

நாற்பத்து மூன்று வயதில் பஸ் ஓட்டும் வேலையை விட்டு, பாலர் பாடசாலை ஆசிரியராகப் படிக்கக் கல்லூரியில் சேர்ந்த கதையைச் சென்ற வாரம் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு டிரம்மனில் இருந்து ஒரு வாசகர், ‘உமக்கு ஏன் ஐயா இந்த வயதில் இந்த வேலை?’ என்று கேட்டு எழுதியிருக்கிறார். அவர் இந்த வாரத்தைப் படிக்காமல் விடுவது அவர் நெஞ்சுக்கு நல்லது.

சேர்ந்த இரண்டாம் கிழமை. கல்லூரி உணவறையில் வரிசையில் நிற்கிறேன். அன்றைக்கு என்ன சாப்பாடு என்று எழுதியிருக்கும் பலகை எனக்குப் பின்னால் நின்றவர்களுக்குத் தெரியவில்லையாம். என் எடை அப்போது நூற்றுப் பதினெட்டுக் கிலோ. இருபது வருடம் உட்கார்ந்தபடி பஸ் ஓட்டியதும் சுகந்தியின் கொத்துரொட்டியும் சேர்ந்து கட்டிய உடம்பு. சுகந்தி என் மனைவி. முதியோர் இல்லத்தில் கிழமைக்கு ஐந்து நாள் வேலை செய்கிறாள். மிச்ச நேரம் என்னைத் திருத்துகிறாள்.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள்தான் சுன்னீவா. என் வகுப்புக்காரி, வயது இருபத்து நான்கு, உயரம் என் தோளுக்குக் கீழே. பலகை தெரியவில்லை என்று அவள் கோபிக்கவில்லை. என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். குறொன்லாண்ட் பகுதிக் கடையில் சுகந்தி பலாப்பழம் பார்ப்பது அப்படித்தான்.

“உனக்கு ஓடத் தெரியுமா?” என்றாள்.

“தெரியாது.”

“பந்து எறிய?”

“தெரியாது.”

“நிற்க?”

“இப்போது நின்றுகொண்டுதானே இருக்கிறேன்.”

“அது போதும். செவ்வாய்க்கிழமை மைதானத்துக்கு வா.”

அப்படித்தான் நான் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் சேர்ந்தேன். பெயரில்தான் கால் இருக்கிறது. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் ஓடுவான். மற்றப் பக்கத்தார் அவனை விழுத்த வேண்டும். சட்டப்புத்தகம் தடிப்பானது, ஆனால் சாரம் இவ்வளவுதான். சுன்னீவா தடுக்கும் பக்கத்தின் பயிற்சியாளர். முன்பிருந்தவர் பேர்கனுக்குக் காதலியைத் தேடிப் போய்விட்டதால் இவள் தலையில் அது விழுந்தது. தடுப்பு வரிசையின் நடுவில், ஓடிவருகிறவன் முதலில் காணும் ஆளாக, என்னை நட்டாள்.

ஒரு கிழமையில் சட்டை வந்தது. முன்னால் ஒரு காட்டுமானின் தலை. பின்னால் எழுபத்தெட்டாம் இலக்கம், அதற்கு மேல் பெரிய எழுத்தில் என் பெயர். ராசா.

இருபது வருடமாக என் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். நல்ல சனங்கள்தான். ஒருவருக்கும் என் பெயரைக் கேட்கத் தேவை வரவில்லை, அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சட்டையை விரித்துப் பிடித்து என் பெயரை இரண்டு தரம் வாசித்தேன். உடைமாற்றும் அறையில் சட்டை மாட்ட என் பெயருக்கு ஒரு கொளுக்கி இருந்தது. பிந்திப் போனால், ‘ராசா எங்கே?’ என்று கேட்க ஆட்கள் இருந்தார்கள். இந்த நாட்டில் எனக்கு அது புதிது.

வீட்டில் சட்டையைப் போட்டுக் காட்டினேன். மகள் அபி, பதினேழு வயது, கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

“அப்பா, எழுபத்தெட்டு எண்டு போட்டிருக்கினம். உங்கட வயசெண்டு நினைக்கப்போகினம்.”

கன்னம், இடுப்பு, கை

ஓடிவருகிறவனை விழுத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. அதை டாக்லிங் என்பார்கள். நான் அதுவரை, கனமான ஆள் மேலே விழுந்தால் கனம் குறைந்த ஆள் கீழே விழுவான் என்றுதான் நினைத்திருந்தேன். சுன்னீவா அதை இரண்டு நிமிடத்தில் என் தலையிலிருந்து எடுத்துவிட்டாள்.

“தலையால் முட்டாதே. கழுத்து முறியும். தலையை ஒரு பக்கம் வை. கண்ணை மூடாதே. முழங்காலை மடி. உன் கன்னம் அவன் இடுப்பில் ஒட்ட வேண்டும். இரண்டு கையும் அவன் தொடைக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு காலை நிறுத்தாதே, தள்ளிக்கொண்டே நட. கன்னம், இடுப்பு, கை, கால். சொல்லு.”

சொன்னேன். பஸ்ஸில் வரும்போதும் சொன்னேன். பியோர்ண்டாலில் இறங்கி வீட்டுக்கு ஏறும் மேட்டிலும் வாய் அசைத்துச் சொல்லிக்கொண்டு போனதைக் கண்ட பக்கத்து வீட்டு ஆச்சி, நான் தேவாரம் படிக்கத் தொடங்கிவிட்டதாகச் சுகந்தியிடம் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

திருகோணமலையில் நாங்கள் விளையாடிய தடுப்பு விளையாட்டு கிளித்தட்டுத்தான். கோட்டில் நிற்போம், தாண்டிப் போகிறவனைத் தொடுவோம், தொட்டால் அவன் அவுட். எவ்வளவு மரியாதையான விளையாட்டு! இங்கே தொட்டால் ஒருவனும் நிற்க மாட்டான். முதல் பயிற்சியில் ஒருவனைத் தொட்டுவிட்டு, ‘அவுட்’ என்று சொல்லித் திரும்பி நடந்தேன். அவன் முடிவுக்கோட்டில் நின்று கைகாட்டினான்.

இதைச் சொல்லும்போது இன்னொன்று ஞாபகம் வருகிறது. இந்த நாட்டுச் சனங்கள் ரயிலில் நம்மை இடித்துவிட்டால், ‘ஊய்’ என்பார்கள். அவ்வளவுதான். சொன்னது மன்னிப்பா, ஆச்சரியமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த ‘ஊய்’யைப் பழகியிருந்தால் எனக்கு இந்தக் கேடு வந்திருக்காது.

பஞ்சு அடைத்த பயிற்சி மூட்டையை நான் நன்றாகவே விழுத்தினேன். மூட்டைக்குக் கால் இல்லை, அதன் மேல் என் கால் பட்டாலும் குற்றமில்லை. மனிதன் வந்தால்தான் வினை. நெருக்கத்தில் எப்படியும் கால் படும். பட்டவுடன் என் கை, என்னைக் கேட்காமல், அவன் தோளுக்குப் போய்விடும்.

மஞ்சள் துணி

அந்த மழைநாளில் ஹென்ரிக் புள்ளி எடுத்ததோடு கதை முடியவில்லை. நடுவர் மஞ்சள் துணி ஒன்றை என் காலடியில் எறிந்தார். குற்றம் நடந்தால் எறிகிற துணி அது. நடுவர் ஒல்லியான மனிதர்; மற்ற நாட்களில் பல் வைத்தியர்.

“எழுபத்தெட்டு! எதிரணியைக் கேலி செய்தது!”

எதிரணிக்காரர்கள் முறையிட்டிருக்கிறார்கள்: இவன் ஒருவனைத் தொடுகிறான், பிறகு தன் தலையைத் தட்டிக் காட்டுகிறான், ‘உனக்கு மூளை இல்லை’ என்கிறான் என்று. ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஏழு பேரை அப்படி அவமானப்படுத்திவிட்டேனாம்.

“கேலி இல்லை, நான் மன்னிப்புக் கேட்டேன்” என்றேன்.

“எதற்கு?”

“கால் பட்டதற்கு.”

பல் வைத்தியர் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தார். மழைத் தண்ணீரில் இருபத்திரண்டு பேர் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு கிடந்த இடம் அது. “இந்த ஆட்டத்திலா?” என்று கேட்டார்.

பத்து நிமிடத்தில் மறுபடி டொக். மறுபடி மஞ்சள் துணி. ஒரே ஆட்டத்தில் இரண்டு தரம் கேலி செய்தால் வெளியேற்றம். நான் வெளியே போய் வாங்கில் உட்கார்ந்தேன். நான் நடுவில் நின்றபோது எங்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தவர்கள், நான் போன பிறகு தங்களுக்குள் கதைத்துக்கொண்டே ஓடினார்கள்.

அடுத்த நாள் சுன்னீவா வகுப்பறைத் திரையில் வீடியோவைப் போட்டாள். முழு அணியும் இருந்தது. என் கை மெதுவாக எழுகிறது, ஒருவன் தோளைத் தொடுகிறது, மெதுவாகக் கம்பிக்கு வருகிறது. பின்னால் பந்தோடு ஒருவன் மெதுவாகப் போகிறான். இதையே பதினொரு தரம் பார்த்தோம். நான் விளக்கினேன். எல்லோரும் மிகவும் கவனமாகக் கேட்டார்கள்.

“அழகான வழக்கம்” என்றாள் சுன்னீவா. “நிறுத்து.”

“நான் செய்யவில்லை, கை செய்கிறது.”

“அப்படியென்றால் கையிடம் சொல்லு.” அவள் விளக்கைப் போட்டாள். முகம் வெளுத்திருந்தது. “எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாணவர் சபை கடிதம் அனுப்பியிருக்கிறது. நாங்கள் இந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. இன்னும் ஓர் ஆட்டம்தான் மிச்சம், நேற்று ஆடிய அதே அணியோடு. அதிலும் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவார்கள். எங்கள் அறையைப் பின்னல் சங்கத்துக்குக் கொடுக்கப்போகிறார்கள்.”

பின்னல் சங்கம் என்றால் கம்பளி நூலில் காலுக்கு மேசோடும் தலைக்குத் தொப்பியும் பின்னுகிறவர்கள். எங்கள் ஆட்களைப் போல மூன்று மடங்கு ஆட்கள். அடுத்த நாளே இரண்டு பேர் வந்து எங்கள் உடைமாற்றும் அறையை நாடாவால் அளந்தார்கள். என் கொளுக்கிக்கு நேரே நின்று, ‘இங்கே பச்சை நூல்’ என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

மத்தே புத்தகம்

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அபி ஓடிப்போய்த் தன் கணக்குப் புத்தகத்தை, இந்த ஊர்ப் பேச்சில் மத்தே புத்தகத்தை, கொண்டுவந்து வரவேற்பறை நடுவில் நிலத்தில் போட்டாள்.

“மிதியுங்கோ அப்பா.”

“என்ன?”

“மிதிச்சுப்போட்டுப் பேசாமல் அங்காலை போங்கோ. கை போகக்கூடாது. இது மத்தே புத்தகம்தானே, பரவாயில்லை. எனக்கே ஒவ்வொரு நாளும் மிதிக்கவேணும் போலதான் இருக்கும்.”

காலைத் தூக்கினேன். பெருவிரல் அட்டையில் பட்டதுதான் தாமதம், குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். மறுபடியும் முயன்றேன். பத்துத் தரம். குனிந்து குனிந்து இடுப்புப் பிடித்துக்கொண்டது. கல்லூரிப் பயிற்சியில் இவ்வளவு குனிந்ததில்லை.

சுகந்தி சமையலறை வாசலில் அகப்பையோடு நின்று பார்த்தாள்.

“புத்தகத்தை மிதிக்கப் பழக்கிற தமிழ் வீடு இந்த ஒஸ்லோவிலையே எங்கட வீடு ஒண்டுதான். நல்லா வருவியள் ரெண்டு பேரும்.”

“இஞ்சை பார் சுகந்தி, நான் பகிடிக்குச் செய்யேல்லை” என்றேன். என் குரல் ஒரு மாதிரிப் போயிருக்க வேண்டும். “அதுகள் என்னை நம்பி நடுவில விட்டிருக்குதுகள். என்னாலை அணி கலைஞ்சுபோனால் எப்பிடி அதுகளின்ரை முகத்தில முழிக்கிறது?”

அவள் அகப்பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

“அபி, நீ டான்ஸ் ஆட முதல் என்ன செய்யிறனீ?”

“என்ன, நமஸ்காரம்தான்.”

“செய்து காட்டு.”

அபி அரைமண்டியில் இருந்து, நிலத்தைத் தொட்டு, கையைக் கண்ணில் ஒற்றி எழுந்தாள். ஏழு வருடம் பரதம் பழகியவள்.

“அது என்னத்துக்கு?” என்றாள் சுகந்தி.

“பூமியை மிதிக்கப் போறம், அதுக்கு மன்னிப்புக் கேட்கிறது.”

“கேட்டியளே?” சுகந்தி என் பக்கம் திரும்பினாள். “மிதிக்க முதலே கேட்டாச்சு. பிறகு ரெண்டு மணித்தியாலம் என்ன குதி குதிச்சாலும் குற்றமில்லை. ஆரும் ஒவ்வொரு அடிக்கும் நிண்டு நிண்டு கும்பிடுகினமே? நீங்களும் போய் எல்லாரிட்டையும் மொத்தமாக் கேட்டுப்போட்டு விளையாடுங்கோவன்.”

நான் உடனே காலைப் புத்தகத்தின் மேல் வைக்கவில்லை. புத்தகத்தை மேசையில் வைத்து, முதலே ஒரு கும்பிடு போட்டேன். பிறகு நிலத்தில் போட்டு மிதித்தேன். கை அசையவில்லை. அபி கூச்சல் போட்டாள்.

மொத்தமாக ஒரு கும்பிடு

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். பார்வையாளர் வாங்கில் சுகந்தி குடையும் தேநீர்ப் போத்தலுமாக, அபி கைபேசியுமாக. அவர்களுக்கு இடது பக்கம் பின்னல் சங்கம் முழுவதும் திரண்டு வந்து, எதிரணிக்காக ஊசியை அசைத்துக்கொண்டிருந்தது. கையில் வேலையும் நிற்கவில்லை.

ஆட்டம் தொடங்க முன் பல் வைத்தியரிடம் அனுமதி கேட்டேன். பந்து ஆட்டத்தில் இல்லாதபோது கேலி செய்வதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று அவர் நெடுநேரம் யோசித்தார். “விளக்கம் சொல்லிவிட்டுச் செய்” என்றார்.

எதிரணி வரிசையாக நின்றது. நான் நோர்வேஜிய மொழியில் சொன்னேன்: “என் கால் இன்றைக்கு உங்கள் எல்லோர் மேலும் படும். எங்கள் வழக்கப்படி அது மரியாதைக் குறைவு. அதற்கு இப்போதே மன்னிப்புக் கேட்கிறேன். போன தடவை தட்டியது உங்கள் மூளையைப் பற்றி இல்லை.” பிறகு ஒவ்வொருவர் தோளையும் தொட்டு, தலைக்கவசம் இல்லாத வெறும் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனேன். கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பவனைப் போல் வரிசையின் முடிவு வரை நடந்தேன்.

ஹென்ரிக்கிடம் வந்தபோது அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். சட்டம் படிக்கிறவன். அவனுக்குக் கேள்விகள் இருந்தன.

“சப்பாத்துப் போட்ட காலுக்கும் இது உண்டா?”

“உண்டு.”

“கை பட்டால்?”

“இல்லை. கால் மட்டும்தான்.”

“இரண்டு பேர் காலும் ஒரே நேரத்தில் பட்டால் யார் முதலில் கேட்பது?”

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. “வயதில் இளையவர்” என்றேன்.

அவன் மனதுக்குள் சட்டப்புத்தகத்தில் ஒரு பந்தி எழுதிக்கொண்டதுபோல் தலையாட்டினான். “தெளிவாக இருக்கிறது. நல்ல சட்டம்.”

ஆட்டம் தொடங்கியது. சுகந்தியின் வைத்தியம் வேலை செய்தது. மிதித்தேன், உதைபட்டேன், கால்களுக்குள் கால்கள் சிக்கின, என் கை தன் வேலையை மட்டும் பார்த்தது. இருபது வருடப் பஸ்காரன் முதல் தடவையாக ஒருவருக்கும் வழிவிடவில்லை. அவர்கள் நடுவால் வர முடியாமல் பக்கங்களால் ஓடிக் களைத்தார்கள். ஒருவனைத் தனியாக விழுத்தினேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் விழுகிற குவியலில் எப்போதும் நானும் இருந்தேன்.

ஒரு விசித்திரம் மட்டும். ஊதல் ஊதிக் குவியல் கலையும் ஒவ்வொரு தரமும் ஹென்ரிக் என்னைத் தேடி வந்தான். தோளைத் தொட்டான். தன் கம்பியில் முட்டினான். டொக். இளையவன் முதலில். முதலில் பகிடி என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் பகிடி இல்லை, பரீட்சை எழுதுகிறவனின் முகம். பல் வைத்தியர் துணியைத் தொட்டுத் தொட்டு விட்டார். இரண்டாம் பாதியில் ஹென்ரிக் என்னைப் பார்த்து யோசிக்கவும் இல்லை. கை தானாக வந்து போனது.

கடைசி ஏழு மீற்றர்

எங்கள் ஓட்டக்காரர்கள் அன்று எப்படியோ புள்ளி எடுத்துவிட்டார்கள். நான்கு புள்ளி முன்னால் நிற்கிறோம். ஒரே ஓர் ஓட்டத்துக்குத்தான் நேரம் மிச்சம். பந்து அவர்களிடம். முடிவுக்கோட்டுக்கு ஏழு மீற்றர். தாண்டினால் அவர்களுக்கு வெற்றி, தாண்டாவிட்டால் எங்களுக்கு. பின்னல் சங்கத்தில் ஊசிகள் நின்றுவிட்டன.

“ராசா!” ஓரத்திலிருந்து சுன்னீவா. “கன்னம், இடுப்பு, கை!”

பந்து ஹென்ரிக் கைக்குப் போனது. அவன் நேரே என்னைப் பார்த்து வந்தான். நான் முழங்காலை மடித்தேன். தலையை ஒரு பக்கம் வைத்தேன். எல்லாம் சரி. கடைசி நொடியில் கண்ணை மூடிவிட்டேன்.

காற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முகம் குப்புற விழுந்தேன். ரப்பர்த் துகள் வாய் நிறைய. முதுகில், சரியாக என் பெயருக்கு மேல், ஒரு சப்பாத்து ஊன்றி ஏறிப் போனது.

முடிந்தது என்று நினைத்தேன். முழங்காலை ஊன்றி நிமிர்ந்து பார்த்தேன். ஹென்ரிக்குக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒருவரும் இல்லை. இரண்டு எட்டு வைத்தால் போதும், இரண்டு மீற்றர்.

அவன் நின்றான்.

திரும்பினான். ஓர் அடி பின்னால் வந்தான். பந்தை வலக்கையில் இடுக்கியபடி, குனிந்து, இடக்கையால் என் தோளைத் தொட்டான். அந்தக் கையைத் தன் முகத்துக்குக் கொண்டுபோனான்.

டொக்.

நான் அப்போது முழங்காலில் இருந்தேன். அவன் இடுப்பு என் கன்னத்துக்கு நேரே இருந்தது. இதற்கு மேல் வசதியான இடத்தில் உலகத்தில் எந்த டாக்லிங்கும் தொடங்கியிருக்காது. ஊதல் ஊதவில்லை. ஆட்டம் உயிரோடு இருந்தது. அவனுடைய விரல்கள் இன்னும் கம்பியில்.

நினைக்க நேரம் இருந்தது என்பதை நான் இந்த இடத்தில் ஒளிக்க விரும்பவில்லை. ஒரு மனிதன் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். எங்கள் வழக்கப்படி, என் வாயிலிருந்து கற்றுக்கொண்டபடி, நிற்கிறான். எனக்கு என் கொளுக்கியும் ஞாபகம் வந்தது. அதில் தொங்கப்போகும் பச்சை நூலும் வந்தது.

கன்னம். இடுப்பு. தொடைக்குப் பின்னால் கையும் கையும் பிடித்தன. காலை நிறுத்தாமல் தள்ளினேன். ஹென்ரிக்கின் இரண்டு காலும் நிலத்தை விட்டுக் கிளம்பின. அவனைத் தூக்கிப் பின்னால் கொண்டுபோய் மல்லாக்கக் கிடத்தினேன். ஊதல்.

சுன்னீவா மழைக்கோட்டோடு ஓடிவந்து என் முதுகில் பாய்ந்தாள். பிறகு எல்லோரும். அபியின் கூச்சல் மேலே கேட்டது. பின்னல் சங்கத்தில் ஒருத்தி அழுதாள். பல் வைத்தியர் மஞ்சள் துணியைக் கையில் எடுத்து, என்னைப் பார்த்து, ஹென்ரிக்கைப் பார்த்து, மறுபடியும் பைக்குள் வைத்துவிட்டார்.

“இதைப் பாடப்புத்தகத்தில் போடலாம்!” என்றாள் சுன்னீவா. சொன்னதைச் செய்தும்விட்டாள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இப்போது அந்த வீடியோவைத்தான் போட்டுக் காட்டுகிறாள். அதற்கு முந்திய இரண்டு வினாடியை மட்டும் வெட்டிவிட்டாள். பிள்ளைகளுக்குக் குழப்பமாக இருக்குமாம்.

நான் அந்தக் குவியலுக்கு அடியில் கிடந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். வெட்கமாக இருந்தது. அதைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

எல்லோரும் உள்ளே போன பிறகு எதிரணியின் பஸ் நின்ற இடத்துக்கு நடந்தேன். ஹென்ரிக் பஸ் படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். நெற்றியில் ரப்பர்த் துகள் ஒட்டியிருந்தது. கோபிப்பான் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“யோசிக்கவே இல்லை” என்றான். “கால் பட்டது. கை போய்விட்டது.”

“தெரியும்” என்றேன்.

“சரியாகச் செய்தேனா?”

அவனுக்கு அது உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

“சரிதான். ஆனால் அதை வலக்கையால் செய்ய வேண்டும்.”

“வலக்கையில் பந்து இருந்ததே” என்றான்.

நான் குனிந்து அவன் தோளைத் தொட்டேன். வலக்கையைக் கண்ணுக்குக் கொண்டுவந்தேன். கம்பி ஒன்றும் குறுக்கே இல்லை. விரல்கள் ஈரமாகின.

ஹென்ரிக் தன் காலைப் பார்த்தான், என் காலைப் பார்த்தான். இடையில் ஒரு முழ இடம் இருந்தது.

“இப்போது கால் படவில்லையே” என்றான்.

“இல்லை” என்றேன்.